நெய்யும் மாத்திரையும் தொடுகிற ஒரே சுவிட்ச்

"பேலியோவுக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. ட்ரைகிளிசரைடு 240இலிருந்து 85க்கு வந்துவிட்டது, ஹெச்.டி.எல். 38 இருந்தது 52. ஆனால் 128 இருந்த எல்.டி.எல். 204 ஆகியிருக்கிறது. டாக்டர் ஸ்டாட்டின் எழுதிவிட்டார். கூட டயட் இருப்பவர்கள், ட்ரைகிளிசரைடு குறைந்தால் போதும், எல்.டி.எல்.லைக் கண்டுகொள்ளாதே என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

இது ஒரு வாசகரின் கேள்வி. ட்ரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் கொழுப்பு; எல்.டி.எல். 'கெட்ட' கொலஸ்ட்ரால், ஹெச்.டி.எல். 'நல்ல' கொலஸ்ட்ரால்; ஸ்டாட்டின் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. மாவுச்சத்தைக் குறைத்த பலர் கையில் இதே மாதிரி ரிப்போர்ட் இருக்கும்.

ட்ரைகிளிசரைடு விழுந்த காரணம் எளிது. சோறும் இட்லியும் சர்க்கரையும் குறைந்ததும் இன்சுலின் தணிகிறது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் ஏற்றிவிடும் வேலை கல்லீரலுக்குக் குறைகிறது. நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. எல்.டி.எல்.லின் கணக்கு வேறு. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து சுற்றும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் எவ்வளவு வேகமாகத் திரும்ப அள்ளிக்கொள்கிறது என்பதுதான் அங்கே முக்கியம்.

அள்ளுவதற்குக் கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. ஒகேனக்கல் பரிசல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துகளை ஏற்றிக்கொண்டு செல்லுக்குள் போகும். உள்ளே அமிலத்தன்மை கூடியதும் பிடி தளரும், துகள் இறங்கிவிடும், பரிசல் காலியாக மேலே வரும். ஒரு நடைக்குச் சுமார் பத்து நிமிடம். பரிசலின் ஆயுள் ஒரு நாளுக்கும் குறைவு. அதற்குள் நூறு நடை அடித்துவிடும்!

எத்தனை பரிசல் கட்டுவது என்று செல் எப்படி முடிவு செய்கிறது? செல்லுக்குள் இருக்கும் உட்சவ்வு வலையின் கொழுப்பில் கொலஸ்ட்ராலின் பங்கு 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அங்கே கட்டிப்போட்டிருக்கும் ஒரு புரதம் அவிழ்ந்து, செல்லுக்குள்ளேயே இருக்கும் கோல்கி என்ற உறுப்புக்குப் போகிறது. அங்கே இரண்டு நொதிகள் அதை இரண்டு இடத்தில் வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டு நேராக உட்கருவுக்குள் நுழைந்து, ஏற்பி செய்யும் ஜீனை முடுக்குகிறது. 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் புரதம் இருந்த இடத்திலேயே கிடக்கும், புதுப் பரிசல் குறையும். தலைப்பில் சொன்ன சுவிட்ச் இதுதான். ஒரு சவ்வில் இருக்கும் கொழுப்பை இவ்வளவு துல்லியமாக அளக்கும் கருவி உடம்புக்குள் இருப்பது எத்தனை முறை படித்தாலும் வியப்பு.

ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. முந்தைய ஆண்டுதான், பிறவியிலேயே ஏற்பி வேலை செய்யாத ஸ்டார்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றியிருந்தார்கள். புதுக் கல்லீரல் வந்ததும் எல்.டி.எல். சுமார் 80 சதவீதம் சரிந்தது.

இனி நம் வாசகரின் தட்டுக்கு வருவோம். வெண்ணெய் டீ, ஸ்பூன் ஸ்பூனாக நெய், பனீர், தேங்காய் எண்ணெய். இவற்றின் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) பரிசல்களைக் குறைக்கிறது. ஸ்டாட்டின் அதே சுவிட்சை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. செல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்வதை அது மறிக்க, சவ்வில் அளவு குறைய, பரிசல்கள் பெருகுகின்றன. ஆனால் அதே சுவிட்ச், பரிசலை உடைக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தையும் கூடவே செய்யவைக்கிறது. டோஸை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம் மட்டுமே குறைவதற்கு இது ஒரு காரணம். அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினின் 10 மி.கி.யில் குறையாததை 80இல் துரத்துவதைவிட, குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எஸெடிமைப் என்ற மருந்தைச் சேர்ப்பது பல சமயம் புத்திசாலித்தனம்.

முதல் ஸ்டாட்டின் வந்த கதையில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஜப்பானின் அகிரா எண்டோ 6,000க்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து 1973இல் அதைப் பிடித்தார். எலியிடம் அது பலிக்கவில்லை. முட்டைக் கோழிக்குக் கொடுத்தபோதுதான் கொலஸ்ட்ரால் இறங்கியது. எலி முடிவோடு பணம் கொடுத்தவர்கள் கதவைச் சாத்தியிருந்தால்? மூன்றே ஆண்டில் 'பயன்' காட்டச் சொல்லும் நம் ஆராய்ச்சி நிதி முறையில் அந்தக் கோழிகளுக்குத் தீனி வாங்கக்கூடக் காசு வந்திருக்காது.

"எல்.டி.எல். பஞ்சு மாதிரி பெரிதாக இருந்தால் கெடுதல் இல்லை" என்று ஒரு சமாதானம் சுற்றுகிறது. 70 நானோமீட்டருக்குச் சிறிய துகள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையும். பெரிய எல்.டி.எல்.லும் 25ஐ ஒட்டித்தான். பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் காய்ச்சிய சிரப் அடைப்பைக் கரைக்கும் என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவர் என்ன செய்யலாம்? முதலில் டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு பரிசோதனை. தைராய்டு மந்தமானாலும் பரிசல்கள் குறையும். எடை மளமளவென்று இறங்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம், எடை சில வாரம் ஓரிடத்தில் நிற்கட்டும். பல லேப்கள் எல்.டி.எல்.லை அளப்பதில்லை, கணக்குப் போடுகின்றன: மொத்தம் 273, அதில் ஹெச்.டி.எல். 52, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒன்று 17, இரண்டையும் கழித்தால் 204. ட்ரைகிளிசரைடு மிகக் குறைவாக இருந்தால் இந்தச் சூத்திரம் சில மி.கி. கூட்டிக் காட்டலாம். 76 மி.கி. ஏற்றத்துக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

முன்பு 128 இருந்தவருக்குப் பரம்பரைக் கோளாறு இருக்கும் வாய்ப்பு குறைவு. அதனால் இதயநோயோ சர்க்கரையோ இல்லாவிட்டால், டாக்டரிடம் சொல்லிவிட்டு உணவுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம். பேலியோவை விட வேண்டியதில்லை, கொழுப்பை மாற்றினால் போதும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு, நெய்யில் 60ஐ ஒட்டி, நல்லெண்ணெயில் 15தான். வெண்ணெய் டீயை நிறுத்தி, தாளிப்பை நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாற்றி, மீனும் பாதாமும் கூட்டி, தினம் 10 கிராம் இசப்கோல் என்ற நார்ச்சத்து நிறையத் தண்ணீரோடு. ஒல்லியானவர் என்றால் ஒரு கிண்ணம் சுண்டலையும் திரும்பச் சேர்க்கலாம். மாவுச்சத்தை அறவே விடும்போது எல்.டி.எல். எகிறுவது பெரும்பாலும் ஒல்லியானவர்களுக்குத்தான். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதே லேபில் பாருங்கள்.

அப்போதும் 190க்கு மேல் நின்றால் மாத்திரைதான். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், நாற்பது தாண்டிய சர்க்கரை நோயாளி இந்தக் காத்திருப்பு விளையாட்டில் இறங்கவே கூடாது. இடைப்பட்ட எண் என்றால் ரத்த அழுத்தம், புகை, அப்பாவுக்கு 55க்கு முன்போ அம்மாவுக்கு 65க்கு முன்போ மாரடைப்பு வந்ததா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரம்பரையாக வரும் இன்னொரு கொலஸ்ட்ரால் துகளான லிப்போபுரோட்டீன்-ஏவுக்கான பரிசோதனை வாழ்நாளில் ஒருமுறை போதும். இதய ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கேனில் பூஜ்யம் வந்தால் சிலர் தள்ளிப்போடலாம். முப்பது வயதில் வரும் பூஜ்யத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை, அந்த வயதில் அடைப்பில் சுண்ணாம்பு படிந்திருக்காது.

மாத்திரை தொடங்கியதும் தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலியென்று ஸ்டாட்டினை விட்ட 60 பேரை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வில், அவர்கள் பட்ட தொல்லையில் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையிலும் வந்தது. நிஜமாகவே வலிப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு டோஸையோ மருந்தையோ மாற்றலாம். சளிக்காகக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசை நிஜமாகவே பாதிக்கப்படலாம்.