திசையறியும் சென்சார்களை எங்கே நிறுத்துவது?

அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில், விமானங்கள் தரையிறங்க உதவும் ஜிபிஎஸ் தரைநிலைக் கருவிகளில் 2009ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது இடையூறு தென்பட்டது. பக்கத்து நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிகளில், தம் இருப்பிடம் முதலாளிக்குத் தெரியாதிருக்க ஓட்டுநர்கள் பொருத்திய, ஜிபிஎஸ் சமிக்ஞையை முடக்கும் சிறு ஜாமர்களே அதற்குக் காரணம். 2012இல் பிடிபட்ட ஓட்டுநர் ஒருவருக்கு அடுத்த ஆண்டு 31,875 டாலர் அபராதத்துக்கான நோட்டீஸ் அனுப்பப்பட்டது. ஓடும் வண்டி சிறிது நேரத்தில் கடந்துவிடும் என்பதால், இத்தகைய ஜாமரை அதன் அலை வரும் திசையை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் முதலிலேயே சரியான இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

நான் பார்த்த பல வளாகங்களில், கம்பமும் மின்சாரமும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கேயே சென்சார்களை நிறுவி, எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்று கருதுகிறார்கள். இது தவறான கணக்கு. ஒரு சென்சார் தருவது அலை வரும் திசையை மட்டுமே. இரண்டு திசைக்கோடுகள் வெட்டும் இடமே அலைபரப்பியின் இருப்பிடம். 3 கிலோமீட்டர் தொலைவில் 2 பாகைப் பிழை ஏறத்தாழ 105 மீட்டர் விலகலாகிறது. கோடுகள் செங்கோணத்தில் வெட்டினால் பிழை அவ்வளவோடு நிற்கும். 10 பாகைக் கோணத்தில் வெட்டினாலோ, அதே பிழை வெட்டுமிடத்தைச் சுமார் 600 மீட்டர் தள்ளிவிடும். இரு சென்சார்களையும் இணைக்கும் நேர்கோட்டின் மீதே வண்டி வந்துவிட்டால், வெட்டுப்புள்ளியே கிடைக்காது. ஆகவே சாலையோரமாக ஒரே வரிசையில் நிறுத்துவதைவிட, ஒன்றையாவது சாலையிலிருந்து நன்கு விலக்கி நிறுத்துவது பெரும் பயன் தரும் என்பதே என் உறுதியான கருத்து.

உயரமும் முக்கியம்தான், ஆனால் கம்பத்தின் அருகே உலோகக் கூரையோ தண்ணீர்த் தொட்டியோ விளம்பரப் பலகையோ இருந்தால், எதிரொலித்த அலையையே சென்சார் உண்மைத் திசையாகக் காட்டக்கூடும். செல்போன் கோபுரத்துக்கு ஒட்டினாற்போல் வைத்தால், அதன் வலுவான அலையில் ரிசீவர் திணறி, மெல்லிய சமிக்ஞைகளைத் தவறவிடும்.

இவற்றை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. நிறுவும் முன், உரிமம் பெற்ற அலைவரிசையில் இயங்கும் குறைந்த திறன் அலைபரப்பியை வண்டியில் வைத்து வளாகத்தைச் சுற்றிவந்து, ஒவ்வோர் இடத்திலும் உண்மையான திசையையும் சென்சார் காட்டும் திசையையும் ஒப்பிட வேண்டும். ஜிபிஎஸ் அலைவரிசையிலேயே இச்சோதனையைச் செய்வது சட்டவிரோதமும் ஆபத்தும் ஆகும். குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் மட்டும் விலகல் தொடர்ந்து தெரிந்தால் அந்தக் கம்பத்தை மாற்ற வேண்டும். அருகில் புதிய கட்டடம் எழும்பும்போதெல்லாம் சோதனையை மீண்டும் நடத்த வேண்டும்.