ஃபிளாஷ் மெமரி பங்கில் பி.இ. விகிதம் குறைவாகத் தெரிந்தால் உஷார்

ஏ.ஐ. வளர்ந்தால் டேட்டா பெருகும், டேட்டா பெருகினால் ஸ்டோரேஜ் வேண்டும், அதனால் ஃபிளாஷ் மெமரி (மின்சாரம் போனாலும் டேட்டாவை அழியாமல் வைத்திருக்கும் சிப்) செய்யும் நிறுவனப் பங்கு வாங்கலாமா என்று முதலீட்டு ஆலோசனைக்கு வருபவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்டோரேஜ் தேவை பெருகும் என்பது சரிதான். ஆனால் அந்தப் பெருக்கம் பங்குதாரரின் பைக்கு வந்து சேரும் என்று இந்தத் தொழிலில் சொல்ல முடியாது.

இந்த ஸ்டோரேஜுக்குப் பயன்படும் நேண்ட் வகை ஃபிளாஷ் சிப்பைப் பெரிய அளவில் செய்பவர்கள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், கியோக்சியா, சான்டிஸ்க், மைக்ரான், சீனாவின் ஒய்.எம்.டி.சி. என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியும் விலை இவர்கள் பிடியில் நிற்பதில்லை. ஒருவருடைய சிப்புக்குப் பதில் இன்னொருவருடையதை வாங்குவது பெரிய கஷ்டமில்லை. ஆலைக்கோ நூற்றுக்கணக்கான கோடி டாலர் செலவாகும். ஓட்டினாலும் நிறுத்தினாலும் தேய்மானம் கணக்கில் ஏறும். அதனால் விலை சரியும்போதும் உற்பத்தியைக் குறைக்க லேசில் யாருக்கும் மனம் வராது. சிப்பில் டேட்டா பதியும் அடுக்குகளைக் கூட்டினால், அதே வேஃபரிலிருந்து (சிப்புகளை வெட்டி எடுக்கும் சிலிக்கான் தகடு) கூடுதல் கொள்ளளவு கிடைப்பதால், புது ஆலை வராமலேயே சரக்கு பெருகிவிடும்.

2022இல் கணினி, போன் விற்பனை மந்தமாகிச் சரக்கு தேங்கியது. அடுத்த ஆண்டு எஸ்.கே. ஹைனிக்ஸின் இயக்க நஷ்டம் 7.7 லட்சம் கோடி வான். மைக்ரானுக்கு 2023 நிதியாண்டில் நிகர நஷ்டம் சுமார் 580 கோடி டாலர். இரண்டும் டிராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) சிப்பையும் சேர்த்த கணக்குதான், ஆனாலும் சரிவின் வேகம் புரியும்.

பலர் கையைச் சுட்டுக்கொள்வது பி.இ. விகிதத்தை, அதாவது பங்கு விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பார்த்துத்தான். லாபம் உச்சத்தில் இருக்கும்போது அந்த விகிதம் சிறுத்து, பங்கு மலிவாகத் தெரியும். விலை சரிந்து லாபம் கரைந்ததும் அதே பங்கின் பி.இ. எங்கோ உயரே போய்விடும், அல்லது நஷ்டத்தில் பி.இ. என்று ஒன்றே இருக்காது. நான் காலாண்டு அறிக்கையில் முதலில் தேடுவது கையிருப்புச் சரக்கு எத்தனை நாளுக்கானது என்பதை. அப்புறம், எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் விரிவாக்கம் அறிவிக்கின்றனவா என்று பார்ப்பேன்.

தொழில்நுட்பம் ஜெயித்தும் பங்குதாரர் தோற்ற கதைகளும் உண்டு. ஃபிளாஷ் ஸ்டோரேஜ் செய்த ஃபியூஷன்-ஐஓ நிறுவனம் 2011இல் 19 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. 2014இல் சான்டிஸ்க் அதை வாங்கியபோது கொடுத்தது பங்குக்கு 11.25 டாலர். 2013இல் 9 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த, அதே தொழிலைச் செய்த வயலின் மெமரி 2016 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டது. அந்த ஆண்டுகளில் ஃபிளாஷ் பயன்பாடு கூடிக்கொண்டுதான் போனது!

கியோக்சியா 2024 டிசம்பரில் டோக்கியோ சந்தைக்கு வந்தது. சான்டிஸ்க் 2025 பிப்ரவரியில் வெஸ்டர்ன் டிஜிட்டலிலிருந்து பிரிந்து தனிப் பங்கானது. இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆபத்தைப் பிரித்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஜப்பானில் யொக்கைச்சி, கிடாகாமி ஆலைகளை இந்த இரு நிறுவனங்களும் கூட்டாகத்தான் நடத்துகின்றன. 2022 பிப்ரவரியில் அங்கே மூலப்பொருளில் மாசு கலந்தபோது, கியோக்சியாவும் அப்போது கூட்டாளியாக இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டலும் சேர்ந்தே அடி வாங்கின.