இனிப்புநீர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்து வீடுகளில் ஒரு சுகாதாரத் தொண்டூழியர் "நீரிழிவு இருக்கா பாட்டி?" என்று கேட்டால், பாட்டி கொஞ்சம் விழிப்பார். "இனிப்புநீர் இருக்கா?" என்றால் போதும், மருந்துப் பை தானாக வெளியே வரும்.

மலாய்க்காரர்கள் இதை 'கென்சிங் மானிஸ்' என்பார்கள். கென்சிங் சிறுநீர், மானிஸ் இனிப்பு. நம் சொல்லும் அதே அச்சுதான். இந்தக் கருத்து நம்மிடமும் பழையதுதான். சித்த மருத்துவம் சொல்லும் மதுமேகத்தில் மது என்றால் தேன். மேகம் வானத்து மேகமன்று, சிறுநீரைக் குறிக்கும் வடசொல். மேற்கே இந்த நோயின் மருத்துவப் பெயரான 'டயாபிடிஸ் மெல்லிட்டஸ்' என்பதில் 'மெல்லிட்டஸ்' என்பதற்கும் தேன்தான் வேர். இத்தனை இருந்தும் மதுமேகத்தை வாசலில் நின்று சொல்ல முடியாது. மேக நோய் என்றாலே பழைய ஆட்களுக்குப் பால்வினை நோய்தான் நினைவுக்கு வரும்!

சரி, நீரிழிவு? இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். 'இழுமென இழிதரும் அருவி' என்கிறது திருமுருகாற்றுப்படை. நீர் இழிந்துகொண்டே இருக்கும் நோய் நீரிழிவு. கிரேக்கத்தில் 'டயாபிடிஸ்' என்பதற்கும் ஊடே கடந்து போவது என்றே பொருள். நல்ல தமிழ்ச் சொல், ஏட்டிலும் மேடையிலும் இதுவே இருக்கட்டும். ஆனால் இன்று இழிவு என்றால் அவமானம் என்றே காதில் விழுகிறது. நோயை மறைக்கிற வீட்டில் இந்தச் சொல் உதவாது.

தமிழ்நாட்டுச் 'சர்க்கரை நோய்' இங்கே சரிப்படாது. நாம் கடையில் வாங்குவது சீனி. சர்க்கரை என்றால் பொங்கல்தான்.

இனிப்புநீரிலும் ஒரு சிக்கல் உண்டு. "நான் தே ஓ கோசோங்தானே குடிக்கிறேன், பாலும் இல்லை, சீனியும் இல்லை, எனக்கு எப்படி வரும்?" என்பார் ஒருவர். பக்கத்திலேயே மலைபோல் சோறு, அப்புறம் இரவில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு. மாவுச்சத்தும் இரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. இன்னொருவர், "சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லையே" என்பார். இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு லிட்டருக்குச் சுமார் 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் கசியும். வெறும் வயிற்றில் 7 வந்தாலே நோய்க்கணக்கு. எறும்பை நம்பினால் அந்த இடைவெளியில் பல ஆண்டுகள் போய்விடும்.

2019இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. நாட்டுச் சராசரி 18ஐ ஒட்டித்தான். சுகாதார அமைச்சு 2013இல் தொடங்கிய கொஸ்பென் திட்டத்தில் அந்தந்த ஊர்த் தொண்டூழியர்களே எடை, இரத்த அழுத்தம், குளுக்கோஸ் பார்த்து, கூடியிருந்தால் கிளினிக்குக்கு அனுப்புகிறார்கள். அன்று தோட்டத்தில் மருந்து கொடுத்த டிரெஸ்ஸர் நம்மைத் தேடி வந்ததுபோல என்று வையுங்கள். ஆனால் இந்தத் தொண்டூழியர் மருந்து தரமாட்டார், கேள்விதான் கேட்பார். அதனால்தான் கேட்கிற சொல் முக்கியம்.

என் தேர்வு: பேச்சில் இனிப்புநீர், துண்டறிக்கையில் 'நீரிழிவு (இனிப்புநீர்)'. நோய் வருவதற்கு முந்தைய நிலைக்குத்தான் ஊரில் பேர் இல்லை. 'முன்நீரிழிவு' என்று அச்சடித்தால் யாருக்கும் விளங்காது. வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை வந்தவரிடம் "எல்லையில நிக்கிறீங்க அண்ணே, கிளினிக்குக்குப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க" என்று சொல்வதே மேல்.