இன்ஹேலர் டப்பாவுக்கு வாங்கிய பேட்டன்ட், உள்ளே இருக்கும் மருந்தைத் தடுக்கலாமா?

அவசரநிலை அதிகாரத்தைக் காட்டி அமெரிக்க அதிபர் விதித்த இறக்குமதி வரிகள் சட்டப்படி செல்லாது என்று 2025 ஆகஸ்ட் 29 அன்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஃபெடரல் சர்க்யூட் என்ற அதன் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் முதல் முறையாகக் கேட்டது அப்போதுதான். மருந்து பேட்டன்ட் வேலையில் இருப்பவர்களுக்கு அது தினமும் புழங்கும் பெயர். அந்த வரி வழக்குக்கு எட்டு மாதம் முன்னால் அதே நீதிமன்றம் கொடுத்த இன்னொரு தீர்ப்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். எங்கள் துறைக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை என்றாலும், ஆஸ்துமா நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சம்பந்தப்பட்டது அது.

முதலில் நீதிமன்றத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவின் மற்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஊர் எல்லையை வைத்து வழக்கு எடுக்கும். 1982-ல் தொடங்கிய இது மட்டும் விஷயத்தை வைத்து எடுக்கும்: பேட்டன்ட், சுங்க வரி, முன்னாள் படைவீரர்களின் உதவித்தொகை, அரசாங்க ஒப்பந்தம் என்று. 12 நீதிபதிகள், வாஷிங்டனில் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்திலேயே கட்டடம். நாட்டின் எந்த மூலையில் பேட்டன்ட் வழக்கு நடந்தாலும் அப்பீல் இங்கேதான் வரும்.

சரி, வழக்குக்கு வருவோம். டீவா நிறுவனத்தின் புரோஏர் எச்எஃப்ஏ என்ற இன்ஹேலர். உள்ளே இருப்பது அல்புடெரால் சல்ஃபேட். நம் ஊரில் சால்புடமால் என்று சொல்கிறோமே, அதேதான். 1960-களில் கண்டுபிடித்த மருந்து. அந்த மூலக்கூறின் பேட்டன்ட் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவில் மலிவான ஜெனரிக் (அதே மருந்தை மற்ற கம்பெனிகள் பிராண்ட் பெயர் இல்லாமல் செய்பவை) இன்ஹேலர்களும் இருந்தன. ஆனால் அவற்றில் மருந்தை வெளியே தள்ளிய சிஎஃப்சி வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால், 2008 முடிவோடு அந்த வகை அல்புடெரால் இன்ஹேலர்களை நிறுத்தினார்கள். எச்எஃப்ஏ வாயுவுக்கு மாறிய பிராண்டுகளோடு புதிய பேட்டன்ட்களும் வந்தன. அப்புறம் அமெரிக்காவில் முதல் ஜெனரிக் அல்புடெரால் எச்எஃப்ஏ இன்ஹேலருக்கு அனுமதி கிடைத்தது 2020-ல்தான். அதே வருடம் நம் சிப்லாவுக்கும் லூபினுக்கும் கிடைத்தது.

புரோஏரின் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. புது டப்பாவைத் தயார்செய்ய முதலில் சில பஃப் அடித்ததும் அதில் 200 என்று காட்டும், பஃப் எடுக்க எடுக்க எண் இரண்டிரண்டாகக் குறையும், 20-க்கு வந்ததும் எண் சிவப்பாகும். இது நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது டப்பா காலி என்று தெரிய வருவதைவிட, முன்கூட்டியே தெரிவது எவ்வளவோ மேல். அந்தக் கவுன்ட்டரைக் கண்டுபிடித்தவருக்குப் பேட்டன்ட் கொடுப்பதில் எனக்கு எந்த மறுப்பும் கிடையாது. அந்தப் பேட்டன்டை எங்கே கொண்டுபோய் எழுதி வைத்தார்கள் என்பதில்தான் சிக்கல்.

எழுதி வைத்த இடம் ஆரஞ்சு புக். அனுமதி பெற்ற மருந்துகளையும் அவற்றின் பேட்டன்ட்களையும் பட்டியலிட்டு, மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரசுத் துறையான எஃப்டிஏ வெளியிடுவது அது. ஒரு ஜெனரிக் செய்யலாமா என்று கேள்வி வந்தால் நாங்கள் முதலில் திறப்பது அதைத்தான். பலமுறை பார்த்த காட்சி இது: மருந்தின் பேட்டன்ட் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், ஆனாலும் பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு எண்ணாகத் திறந்து படித்தால் ஒன்று மூடி, ஒன்று ஸ்பிரிங், ஒன்று கவுன்ட்டரின் பல்சக்கரம். மருந்தின் பெயரை கிளெய்மில் (எது தன் கண்டுபிடிப்பு என்று பேட்டன்ட் கோரும் பகுதியில்) தேடினால் இருக்காது.

அப்படி ஒரு பதிவு அங்கே இருப்பதால் என்ன நடக்கிறது? ஜெனரிக் கம்பெனி அந்தப் பேட்டன்ட் செல்லாது, அல்லது எங்கள் பொருள் அதை மீறவில்லை என்று சொல்லி விண்ணப்பிக்கிறது. பிராண்ட் கம்பெனிக்கு நோட்டீஸ் போகிறது. 45 நாளுக்குள் அவர்கள் வழக்குப் போட்டுவிட்டால், 1984-ம் வருடத்து ஹாட்ச்–வாக்ஸ்மன் சட்டப்படி, எஃப்டிஏ அந்த ஜெனரிக்குக்கு இறுதி அனுமதி கொடுப்பது 30 மாதம் தானாகவே தள்ளிப்போகிறது. வழக்கில் பலம் இருக்கிறதா இல்லையா என்று எந்த நீதிபதியும் பார்த்திருக்க மாட்டார். இடையில் தீர்ப்பு வந்தால்தான் தடை சீக்கிரம் நீங்கும்.

இவ்வளவு பலம் உள்ள பதிவைச் சேர்க்கும்போது யார் சரிபார்க்கிறார்கள் என்று புதிதாக வேலைக்கு வரும் பி.ஃபார்ம் பிள்ளைகள் கேட்பார்கள். யாரும் இல்லை என்பதுதான் பதில். கம்பெனியே படிவம் நிரப்பி உறுதி சொல்கிறது, எஃப்டிஏ அப்படியே ஏற்றுகிறது. யாராவது ஆட்சேபித்தால் எஃப்டிஏ அதைக் கம்பெனிக்கே அனுப்பி வைக்கும். “நாங்கள் போட்டது சரிதான்” என்று கம்பெனி பதில் எழுதினால் பதிவு அங்கேயே இருக்கும். 2023 நவம்பரில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிசி இந்த வழியில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளை எதிர்த்தது. சில கம்பெனிகள் நீக்கின, சில மறுத்தன. இந்த ஓட்டையைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆம்னீல் நிறுவனம் புரோஏருக்கு ஜெனரிக் செய்ய விண்ணப்பித்தபோது டீவா வழக்குப் போட்டது. ஆம்னீல் அந்த வழக்கிலேயே எதிர்வாதமாக, இந்தப் பேட்டன்ட்கள் ஆரஞ்சு புக்கில் இருக்கவே கூடாது, நீக்க உத்தரவிடுங்கள் என்று கேட்டது. (இப்படிக் கேட்கும் உரிமை 2003-ல்தான் சட்டத்தில் வந்தது, அதுவும் வழக்குப் போடப்பட்ட ஜெனரிக் கம்பெனிக்கு மட்டும்.) 2024 ஜூனில் நியூஜெர்சி நீதிமன்றம் 5 பேட்டன்ட்களை நீக்கச் சொன்னது. டீவா அப்பீல் போனது.

டீவாவின் வாதம் சாமர்த்தியமானது. சட்டத்தில் ‘மருந்து’ என்பதற்கான விளக்கத்தில் அதன் பாகங்களும் அடங்கும். இன்ஹேலர் முழுவதையும் மருந்து என்றுதானே எஃப்டிஏ அனுமதித்தது? அப்படியானால் எந்தப் பாகத்தின் பேட்டன்டும் மருந்தின் பேட்டன்ட்தான் என்றார்கள். டிசம்பர் 20 தீர்ப்பில் 3 நீதிபதிகளும் இதை ஏற்கவில்லை. நீதிபதி புரோஸ்ட் எழுதிய தீர்ப்பு சட்ட வாசகத்தை நிதானமாகப் பிரித்துப் பார்க்கிறது. பட்டியலில் சேர்க்க இரண்டு நிபந்தனைகள் உண்டு: பேட்டன்ட் அந்த மருந்தைத் தன் கண்டுபிடிப்பாகக் கோர வேண்டும்; அனுமதியில்லாமல் செய்பவர் மீது மீறல் வழக்குப் போட முடிய வேண்டும். மீறல் வழக்குப் போட முடிந்தாலே போதும் என்றால் முதல் நிபந்தனையை எதற்கு எழுதினார்கள்? ஆகவே பேட்டன்ட் குறைந்தபட்சம் மருந்தின் மூலப்பொருளையாவது கோர வேண்டும், இங்கே அல்புடெரால் சல்ஃபேட்டை. எந்த மருந்தைப் போட்டாலும் வேலை செய்யும் டப்பாவைக் கோரும் பேட்டன்டுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2025 மார்ச்சில் மறுவிசாரணை மனுவும் தள்ளுபடியானது.

தீர்ப்பு டீவாவின் பேட்டன்ட்களைச் செல்லாததாக்கவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இன்னும் வழக்குப் போடலாம், இடைக்காலத் தடையும் கேட்கலாம். ஆனால் தடை வேண்டுமென்றால் நீதிபதியிடம் காரணம் காட்டித்தான் வாங்க வேண்டும். கேட்காமலே கிடைத்த 30 மாதம்தான் போனது. என் கணக்கில் இதுவே நியாயமான நிலை. கவுன்ட்டரைக் கண்டுபிடித்தவரின் உரிமையும் நிற்கிறது, 1960-களின் மருந்தை அந்தக் கவுன்ட்டரைக் காட்டிப் பிடித்து வைக்கவும் முடியாது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இனி கிளெய்மிலேயே மூலப்பொருளின் பெயரைச் சேர்த்து, “அல்புடெரால் அடங்கிய இன்ஹேலர்” என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பதிவுகள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது இனி வரும் வழக்குகளில்தான் முடிவாகும். அதனால் ஜெனரிக் பக்கம் வேலை செய்யும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஆரஞ்சு புக்கில் ‘டிபி’ (மருந்துப் பொருளைக் கோரும் பேட்டன்ட் என்பதற்கான குறி) என்று குறியிட்டிருப்பதை நம்பி மேலே போகாதீர்கள். பேட்டன்டைத் திறந்து ஒவ்வொரு தனிக் கிளெய்மையும் படியுங்கள், மூலப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து உங்கள் அறிக்கையில் எழுதி வையுங்கள். பேனா வடிவ ஊசிகளில் இது இன்னும் முக்கியம். பேனாவின் உந்து பாகத்தைக் கோரிய ஒரு பேட்டன்ட், உள்ளே இருக்கும் இன்சுலின் கிளார்ஜின் என்ற மருந்தைக் கோரவில்லை என்று பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-லேயே சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் பிள்ளைகளோ பெற்றோரோ இன்ஹேலர் எடுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு விஷயம். அங்கே ஒவ்வொரு ஜெனரிக்கும் ஒரு குறிப்பிட்ட பிராண்டுக்குத்தான் மாற்று. டாக்டர் ஒரு பிராண்ட் பெயரை எழுதியிருந்தால், வேறொரு பிராண்டின் ஜெனரிக் மலிவாக இருந்தாலும் ஃபார்மசிஸ்ட் பொதுவாகத் தானாக மாற்றிக் கொடுக்க முடியாது, டாக்டரைக் கேட்க வேண்டியிருக்கும். அடுத்த முறை போகும்போது பிராண்ட் பெயருக்குப் பதில் ‘அல்புடெரால் எச்எஃப்ஏ’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டில் எது குறைந்த விலைக்கு வருகிறது என்பதை மருந்துக் கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.