வாபஸ் மனுவில் விடுபடும் ஒரு வரி

'டிஸ்மிஸ்டு அஸ் வித்ட்ரான்' (திரும்பப் பெற்றதால் தள்ளுபடி) என்று முடிந்த உத்தரவு நகலுடன் வந்து, "தீர்ப்பே வரவில்லையே, மறுபடியும் வழக்குப் போடலாம் அல்லவா?" என்று கேட்பவர்கள் ஓய்வதாக இல்லை. அண்மையில் வந்தவர், முன்பணம் கொடுத்து மனைக்குக் கிரய ஒப்பந்தம் போட்டவர். சாட்சி விசாரணை தொடங்கும் வேளையில், "வழக்கை வாபஸ் வாங்குங்கள், தை பிறந்ததும் எழுதித் தருகிறேன்" என்று மனைக்காரர் சொன்னதை நம்பி, நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்த இரண்டு வரிக் குறிப்பில் (மெமோ) வழக்கை முடித்துக்கொண்டிருக்கிறார். தை போய் ஆடியும் வந்துவிட்டது. கிரயம் மட்டும் ஆகவில்லை.

தீர்ப்பு இல்லையென்றால் தடையும் இல்லை என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். விசாரித்துத் தீர்த்த விவகாரத்தை மறுபடி கிளப்பக் கூடாது என்பது முன்தீர்ப்புத் தடை. நான் சொல்வது அதுவன்று. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் கட்டளை 23, விதி 1-இன்படி, வாதி தம் வழக்கை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஆனால் புதிய வழக்குத் தொடர நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறாமல் திரும்பப் பெற்றால், அதே விவகாரத்துக்காக மீண்டும் வழக்குத் தொடர முடியாது. உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா, சாட்சி சொன்னீர்களா என்பதையெல்லாம் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. 'நாட் பிரஸ்டு' (வலியுறுத்தவில்லை) என்று எழுதிக் கொடுத்தாலும் கதி இதுதான். ரிட் மனுக்களுக்கும் இந்தக் கோட்பாடு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சர்குஜா டிரான்ஸ்போர்ட் வழக்கில் கூறிவிட்டது. (வழக்குத் தொடர முற்றிலும் வேறான காரணம் பின்னர் எழுந்தால் அது தனி விஷயம்.)

வழக்கில் முறைசார்ந்த குறை இருந்தாலோ, வேறு போதிய காரணம் இருந்தாலோ, அதை விளக்கும் பிரமாணப் பத்திரத்துடன் மனுப் போட்டு அனுமதி கேளுங்கள், மெமோவோடு நிறுத்தாதீர்கள். உத்தரவில் அந்த அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று நகலைப் படித்துப் பாருங்கள். சமரசம் என்றால் வாபஸே வேண்டாம். இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்து, அதே கட்டளையின் விதி 3-இன்கீழ் தீர்ப்பாணை (டிக்ரி) வாங்கிக்கொள்ளுங்கள். எதிராளி அதற்குக் கையெழுத்துப் போட மறுத்தால், அவருடைய தை மாதம் எந்த ஆண்டுத் தை என்பது அங்கேயே விளங்கிவிடும்.

அனுமதி பெற்றவர்களும் நகலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டாம்: அந்த நீதிமன்றத்துக்கு வழக்கை விசாரிக்கும் அதிகார வரம்பு இல்லாத குறை போன்ற சில காரணங்கள் நீங்கலாக, முதல் வழக்கே தொடுக்கப்படாதது போலத்தான் புதிய வழக்குப் போடுவதற்கான காலவரையறை கணக்கிடப்படும்; கிரய ஒப்பந்தத்துக்கு அது 3 ஆண்டுகள்.