டி.டி. ஊசிக்குப் போனால் திருப்பி அனுப்புகிறார்களா?

ஆணி குத்தினாலும் அரிவாள் பட்டாலும் ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமல் தடுக்கப் போடும் டி.டி. ஊசி தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். இப்போது போடுவது தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) சேர்த்துத் தடுக்கும் மருந்து. திட்டம் என்று பார்த்தால் அவ்வளவுதான். அலைச்சல் வாசலில்தான் தொடங்குகிறது.

"ஊசி புதன்கிழமைதான்" என்பார்கள். அது குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமான நாள். காயத்துக்குக் கிழமை கிடையாது. "ஒருத்தருக்காக பாட்டிலைத் திறந்தால் மிச்சம் வீணாகும்" என்பது அடுத்த பதில். திறந்த பாட்டிலை முறைப்படி குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது அரசே போட்ட விதி. இதைப் பணிவாக, ஆனால் சத்தமாகச் சொல்லுங்கள். ஆதார் இல்லை என்பதற்காகக் காயம்பட்டவரை அனுப்பக் கூடாது. கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலப் பையன்கள் இந்தக் கேள்விக்கே பயந்து, காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஊசி எல்லோருக்கும் தேவையா? முன்பே முழுத் தவணையும் போட்டவருக்குச் சுத்தமான சின்னக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மட்டும் மறுபடி போட்டால் போதும். மண், சாணி பட்ட காயமென்றால் 5 வருடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியதில்லை.

உண்மையில் மாட்டிக்கொள்வது, சின்ன வயதில் ஊசியே போடாத பெரியவர்கள். இவர்களுக்கு ஒரு ஊசி போதாது: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, அதற்குப் பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒன்று. இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. காயம் அழுக்காகவும் இருந்தால் உடனே பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். அது பெரும்பாலும் அரசு மருத்துவமனையில்தான் இருக்கும். அதற்காக அனுப்பினால் தட்டாமல் போங்கள், சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு.

ஊசி போட்ட தேதியை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லி, போனில் படமெடுத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் தாமதமாகிவிட்டதா? அப்போதும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். காயம் பட்டதும் முதலில் அதைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நாய்க்கடிக்கு டி.டி. மட்டும் போட்டு அனுப்பினால் கிளம்பாதீர்கள்; வெறிநோய்த் தடுப்பூசி தனி, அதையும் கேளுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், அங்கே நின்றபடியே அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் போடுங்கள்.