"வேணும்னு அடிக்கலையே!": டென்னிஸ் கோர்ட்டில் எடுபடாத சாக்கு

பிரபல வீரர் ஒருவர் ராக்கெட்டை உடைக்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால், அடுத்து வரும் ஜூனியர் போட்டிகளில் பிள்ளைகள் அதையே செய்துகாட்டுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் டபுள் ஃபால்ட் போட்டதும் (இரண்டு சர்வீஸும் தவறியதும்) பாக்கெட்டில் மிச்சமிருக்கும் பந்தை எடுத்துப் பின்பக்க வேலியை நோக்கிச் சாத்துகிறான். பக்கத்துக் கோர்ட்டில் அவனைவிடச் சின்னப் பெண் ஒருத்தி பந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். நடுவர் கோட் வயலேஷன் (நடத்தை விதி மீறல்) சொன்னதும் அப்பா ஓடி வருகிறார்: "சார், அவன் வேணும்னா அடிச்சான்? யார் மேலயும் படலையே!"

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெற்றோர்களும் பயிற்சியாளர்களும் தயவுசெய்து ஒரு முறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

பால் அப்யூஸ், அதாவது பந்தைத் தவறாக அடிப்பது பற்றிய விதியில் "வேணும்னு" என்ற பேச்சே கிடையாது. பாயின்ட் ஆடுவதற்காக அல்லாமல் பந்தை மூர்க்கமாகவோ, ஆபத்தாகவோ, கோபத்திலோ அடிக்கக் கூடாது, உதைக்கக் கூடாது, எறியக் கூடாது. விதி அவ்வளவுதான். யார் மேலும் படாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். பட்டுவிட்டால், முன்னால் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் நேரடியாக டிஃபால்ட் செய்யும், அதாவது தோற்றதாக அறிவித்து வெளியேற்றும் அதிகாரம் போட்டியின் தலைமை நடுவரான ரெஃப்ரிக்கு உண்டு. அப்போது அவர் உங்கள் மகனின் மனதுக்குள் புகுந்து பார்க்க மாட்டார். பின்விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் அடித்தானா, யாருக்காவது அடிபட்டதா என்பதைத்தான் பார்ப்பார். வேண்டுமென்றே குறிபார்த்து அடித்திருந்தால் அது இன்னும் பெரிய குற்றம். அதைச் செய்யவில்லை என்பதால் இது குற்றமில்லை என்று ஆகிவிடாது.

2020 செப்டம்பர் 6, நியூயார்க், ஆர்தர் ஆஷ் ஸ்டேடியம். அந்த ஆண்டு ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத நோவாக் ஜோகோவிச், யுஎஸ் ஓபன் நான்காவது சுற்றில் பாப்லோ கரேனோ புஸ்டாவோடு ஆடுகிறார். கொரோனா காலம் என்பதால் ரசிகர்கள் இல்லை. 5-4 என்ற நிலையில் மூன்று செட் பாயின்ட்களை (செட்டை வெல்லும் வாய்ப்புகளை) தவறவிடுகிறார். ஆத்திரத்தில் ஒரு பந்தைப் பக்கவாட்டு விளம்பரப் பலகையில் அடிக்கிறார். யார் மேலும் படவில்லை, தண்டனையும் இல்லை. அடுத்த கேமில் கீழே விழுந்து தோளில் அடிபடுகிறது, சர்வீஸும் பறிபோகிறது. 5-6. நாற்காலியை நோக்கி நடக்கும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு பந்தை எடுத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் தட்டிவிடுகிறார். பேஸ்லைனுக்குப் பின்னால் நின்ற லைன் ஜட்ஜின் (பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பவர்) தொண்டையில் போய் அடிக்கிறது. மூச்சுத் திணறி அந்த அம்மா சாய்கிறார்.

ஜோகோவிச் உடனே ஓடிப்போய் விசாரித்தார். அவருடைய நோக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ரெஃப்ரி சோரென் ஃப்ரீமெல் கோர்ட்டுக்கு வந்து இரண்டு தரப்பையும் கேட்டார், பல நிமிடம் வாக்குவாதம் நடந்தது. முடிவு டிஃபால்ட். 2,50,000 டாலர் பரிசுப் பணம் போயிற்று, அந்தப் போட்டியில் சேர்த்த தரவரிசைப் புள்ளிகள் போயின, அபராதம் தனி. உலகின் முதல்நிலை வீரருக்கே "வேணும்னு அடிக்கலையே" செல்லவில்லை.

இதில் நான் பயிற்சியாளர்களைப் பார்க்கச் சொல்வது கடைசிப் பந்தை இல்லை, முதல் பந்தை. பலகையில் அடித்தாரே, அது. யார் மேலும் படாததால் எல்லோரும் விட்டுவிட்ட பந்து. இன்னும் பின்னால் போனால், 2016 ஃபிரெஞ்சு ஓபன் காலிறுதியில் பெர்டிச்சோடு ஆடும்போது ஜோகோவிச் கையிலிருந்து எகிறிய ராக்கெட் பின்னால் நின்ற லைன் ஜட்ஜ் மேல் படாமல் மயிரிழையில் தப்பியது. அதே ஆண்டு லண்டன் ஏடிபி ஃபைனல்ஸில் ஒரு பந்தைப் பார்வையாளர் பக்கம் அடித்தார். நிருபர் ஒருவர் இது ஆபத்தில்லையா என்று கேட்டபோது எரிச்சல்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அதுவே நடந்தது. படாமல் போன ஒவ்வொரு பந்தும் பையனுக்கு "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக்கொடுக்கிறது. நாமும் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறோம்.

சட்டப்படி டென்னிஸ் பந்து 56 கிராமுக்குக் குறையக் கூடாது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 பிப்ரவரி டேவிஸ் கோப்பை ஆட்டம் இருக்கிறது. ஒட்டாவாவில் கனடாவும் பிரிட்டனும் 2-2 என்று நிற்க, கடைசி ஆட்டத்தில் 17 வயது டெனிஸ் ஷபோவலோவ் கைல் எட்மண்டிடம் இரண்டு செட் பின்தங்கியிருந்தார். மூன்றாவது செட்டில் சர்வீஸை இழந்த ஆத்திரத்தில் அடித்த பந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்தும் சேர் அம்பயர் அர்னோ கபாஸின் இடது கண்ணில் பட்டுக் கண்குழி எலும்பு உடைந்தது. ஆட்டமும் போயிற்று, கனடா அணியும் வெளியேறியது. பையனுக்கு 7,000 டாலர் அபராதம். இத்தனைக்கும் அவன் அம்பயர் பக்கம் பார்க்கவே இல்லை.

மரியாதைக்குப் பேர்போன டிம் ஹென்மனும் 1995 விம்பிள்டன் இரட்டையரில் இதே தப்பைச் செய்தவர்தான். கடுப்பில் அடித்த பந்து, பந்து எடுத்துக்கொடுக்கும் சிறுமியின் தலையில் பட்டது. டிஃபால்ட். மறுநாள் பூங்கொத்தோடு போய் மன்னிப்புக் கேட்டார். நல்ல பிள்ளைகளுக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்காதீர்கள்.

எனக்கே மனம் தடுமாறுவது 2023 ஃபிரெஞ்சு ஓபன் பெண்கள் இரட்டையரில் ஆடிய ஜப்பானின் மியு கட்டோ விஷயத்தில்தான். பாயின்ட்டுகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் அனுப்பிய பந்து அங்கே நின்ற, பந்து எடுத்துக்கொடுக்கும் சிறுமி மேல் பட்டது. கோபமில்லை, மூர்க்கமில்லை. முதலில் வெறும் வார்னிங்தான் சொன்னார்கள். சிறுமி அழுகையை நிறுத்தவில்லை, ரெஃப்ரி வந்தார், எதிரணியும் வற்புறுத்தியது, டிஃபால்ட் ஆனது. கடுமையான தீர்ப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் விதி எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கட்டோ அதே போட்டியில் டிம் பியூட்ஸோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டத்தை வென்றார்.

அடுத்து தண்டனைக் கணக்கு. முதல் குற்றத்துக்கு வார்னிங், இரண்டாவதுக்கு ஒரு பாயின்ட், மூன்றாவதுக்கு ஒரு கேம். அதற்கு மேல் டிஃபால்ட் செய்வதா என்பது சூப்பர்வைசர் கையில். குற்றம் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. ராக்கெட், பந்து, கெட்ட வார்த்தை, கோச்சிங் எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும். "ராக்கெட்டுக்குத்தான் வார்னிங் கொடுத்தீங்க, இது பேச்சுதானே" என்று வாதாடும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2018 யுஎஸ் ஓபன் இறுதியில் செரீனா வில்லியம்ஸுக்கு நடந்தது இந்தக் கூட்டல்தான். இருக்கையிலிருந்து கோச் சைகை காட்டியதற்கு வார்னிங், ராக்கெட்டை உடைத்ததற்கு பாயின்ட், அம்பயர் கார்லோஸ் ராமோஸைத் திட்டியதற்கு ஒரு கேம். நவோமி ஒசாகா ராக்கெட்டைத் தூக்காமலே 5-3 ஆனது. அன்று ஆண்களுக்கு ஒரு நியாயம், பெண்களுக்கு ஒரு நியாயமா என்று எழுந்த கேள்வி நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் "நான் கோச்சைப் பார்க்கவே இல்லை" என்பது பதிலாகாது. சைகை காட்டியதே குற்றம். காட்டியதாகப் பின்னர் அந்தக் கோச்சே ஒத்துக்கொண்டார். 2025 முதல் வெளியிலிருந்து கோச்சிங் கொடுப்பதை அனுமதிக்க விதி இடம் தருகிறது. ஆனால் உங்கள் போட்டியில் அனுமதி உண்டா என்பதை நடத்துபவர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் வேலியோரம் நின்று "கிராஸ் அடிடா" என்று கத்தாதீர்கள். பாயின்ட் போவது பிள்ளைக்கு.

2016 இஸ்தான்புல் இறுதியில் கிரிகோர் டிமிட்ரோவ் முதல் செட்டை எடுத்து, இரண்டாவதில் 5-2 முன்னிலையில் இருந்தார். அங்கிருந்து சரிந்தார். மூன்றாவது செட்டில் 0-5 என்றபோது மூன்றாவது ராக்கெட்டையும் உடைத்தார். மூன்றாவது குற்றத்துக்கு ஒரு கேம் பறிபோயிற்று, அதுவே எதிராளிக்கு ஆறாவது கேம், ஆட்டமே முடிந்தது. கோப்பை டியகோ ஷ்வார்ட்ஸ்மனுக்குப் போயிற்று.

கணக்கே தெரியாமல் வெளியேறியவர் ஜான் மெக்கன்ரோ. 1990 ஆஸ்திரேலிய ஓபனில் மிகேல் பெர்ன்ஃபோர்ஸுக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட்டில் முன்னால் இருந்தார். முன்பு நான்கு படியாக இருந்த தண்டனை அந்த ஆண்டு வார்னிங், பாயின்ட், டிஃபால்ட் என்று மூன்றாகக் குறைந்திருந்தது. தனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்துத் திட்டினார், ஆட்டம் முடிந்துவிட்டது.

பிள்ளைகள் திட்டும் மொழி பற்றியும் சொல்ல வேண்டும். "தமிழ்ல தானே சொன்னேன்" என்பார்கள். எந்த மொழியாக இருந்தாலும் விதி ஒன்றுதான். 2024 துபாய் அரையிறுதியில் ஆந்த்ரே ரூப்லெவ் ரஷ்ய மொழியில் திட்டினார் என்று அந்த மொழி தெரிந்த அதிகாரி ஒருவர் சொன்னார், 5-6 மூன்றாவது செட்டில் டிஃபால்ட். ரூப்லெவ் மறுத்தார். மேல்முறையீட்டில் புள்ளிகளும் பரிசுப் பணமும் திரும்பக் கிடைத்தன, அபராதம் மட்டும் நின்றது. ஆனால் அந்த ஆட்டம் திரும்ப வரவில்லை, இறுதிப் போட்டிக்கு அலெக்சாண்டர் புப்லிக்தான் போனார்.

"பெரிய ஆளுங்க பண்ணா விட்டுடறாங்களே" என்று கேட்பவர்களைப் போலவே எனக்கும் வருத்தம் உண்டு. 2022-ல் மெக்சிகோவின் அகாபுல்கோ போட்டியில் அலெக்சாண்டர் ஸ்வெரெவ் அம்பயர் உட்கார்ந்திருந்த நாற்காலியை, அவர் காலுக்குப் பக்கத்தில், ராக்கெட்டால் திரும்பத் திரும்ப அடித்தார். அந்தப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள், பணமும் புள்ளியும் பறித்தார்கள், 40,000 டாலர் அபராதமும் போட்டார்கள். எட்டு வாரத் தடையை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அது தவறு. அம்பயரின் கால் எலும்பு தப்பியது அதிர்ஷ்டம். ஆனால் எல்லோரையும் விட்டுவிடுகிறார்கள் என்பதும் பொய். 2025 யுஎஸ் ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்ற ரஷ்ய வீரர் டேனியல் மெத்வெதேவ் மோசமான நடத்தைக்காகக் கட்டிய அபராதம் 42,500 டாலர். அவருடைய பரிசுப் பணம் 1,10,000.

இன்னொரு தப்பெண்ணம், கோபம் இருந்தால்தான் சாம்பியன் ஆவான் என்பது. சின்ன வயதில் ராக்கெட் எறிந்து திரிந்த பையன் ரோஜர் ஃபெடரர். சுவிட்சர்லாந்தின் பீல் பயிற்சி மையத்தில் புதிதாக மாட்டிய திரையை ராக்கெட் எறிந்து கிழித்ததற்கு, ஒரு வாரம் அதிகாலையில் எழுந்து அந்த மையத்தைச் சுத்தம் செய்ய வைத்தார்கள். நடால் தோற்கும்போதுகூட ராக்கெட்டை உடைத்ததில்லை. ராக்கெட்டை எறிந்தால் பயிற்சியை நிறுத்திவிடுவேன் என்று மாமா டோனி குழந்தையிலேயே சொல்லியிருந்தார். அடக்கம் பிறவிக் குணம் இல்லை, யாரோ கண்டித்துச் சொல்லிக்கொடுத்தது.

பயிற்சியிலேயே இதைப் பழக்குங்கள். பாயின்ட் முடிந்ததும் ராக்கெட் மற்றக் கைக்குப் போக வேண்டும், கைப்பிடியில் இல்லை, ராக்கெட்டின் கழுத்தில் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் வீசி அடிக்க வராது. கையில் பந்து இருந்தால் அங்கேயே கீழே போடட்டும். முதுகை வலைக்குக் காட்டிப் பின்வேலியைப் பார்த்து நடக்கட்டும், ஸ்ட்ரிங்கை விரலால் சரிசெய்யட்டும், நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடட்டும். அடுத்த சர்வீஸுக்கு 25 வினாடி இருக்கிறது, இதற்கெல்லாம் பதினைந்து போதும். கத்தியே ஆக வேண்டும் என்றால் துண்டுக்குள் முகத்தை வைத்துக் கத்தட்டும். பக்கம் மாறும் 90 வினாடியில் உட்கார வேண்டும், நின்றுகொண்டு அம்பயரோடு பேசக் கூடாது.

பயிற்சியில் ராக்கெட் ஒரு முறை தரையில் மோதினால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. கெஞ்சினாலும் விடாதீர்கள். உடைத்த ராக்கெட்டுக்கு மறுநாளே பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்துப் புதிது வாங்கித் தரும் அப்பாக்களே, அதை நீங்கள்தான் உடைக்க வைக்கிறீர்கள். விரிசல் விட்ட கிராஃபைட் ஃப்ரேமில் விளையாட விடவும் வேண்டாம், உடைந்த இடம் பிளேடு மாதிரி கிழிக்கும்.

ஜூனியர் ஆரம்பச் சுற்றுகளில் சேர் அம்பயர் இருக்க மாட்டார். நாலைந்து கோர்ட்டுக்கு ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார், பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். எதிராளியின் அவுட்டில் சந்தேகம் இருந்தால் "ஆர் யூ ஷ்யூர்?" என்று ஒரு முறை கேட்கலாம். திருப்தி இல்லையென்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அம்பயரைக் கூப்பிட வேண்டும். வலையைத் தாண்டிப் போய் விரல் நீட்டக் கூடாது. வேலிக்கு வெளியே நிற்கும் அம்மாக்கள் "அது உள்ளே விழுந்துச்சு" என்று சொல்லவே கூடாது, உங்கள் பேச்சால்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. வீட்டுக்குப் போகும் காரில் ஸ்கோரைப் பற்றித் திட்டாதீர்கள். நடத்தையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

தம்பிகளா, தங்கச்சிகளா, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய போட்டிகளில் லைன் ஜட்ஜ்களின் இடத்தைக் கேமரா பிடித்துக்கொண்டு வருகிறது, விம்பிள்டனிலும் 2025 முதல் அவர்கள் இல்லை. இனி உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள். பந்தை அவர்களிடம் அனுப்பும்போது தரையோடு உருட்டிவிடுங்கள், ராக்கெட்டால் தட்டாதீர்கள். அப்படியும் கைமீறி யார் மேலாவது பட்டுவிட்டால் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக அவர்களிடம் போங்கள். எங்கே பட்டது, கண் தெரிகிறதா, மூச்சு வருகிறதா என்று கேளுங்கள். தண்ணீர் கொடுங்கள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரெஃப்ரி வரட்டும், அவர் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.